மண்ணைப் பேச வைத்த மேதை – கார்ல் டெர்சாகி

சிவில் டிப்ளமோ படிக்கிற நம் எல்லோருக்கும் டெர்சாகி என்ற பெயர் பழக்கம்தான். அஸ்திவாரத்தின் தாங்குதிறன் கணக்கில் அவர் பெயரில் ஒரு சமன்பாடு வரும். மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் எழுதிட்டு, மறந்தும் போயிடுவோம். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் அவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

1883 அக்டோபர் 2 அன்று பிராக் நகரில் பிறந்தார். அப்பா ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. கிராட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இவர் படித்தது மெக்கானிக்கல்! செய்த கலாட்டாவில் கல்லூரியை விட்டே அனுப்பியிருப்பார்கள். மயிரிழையில் தப்பி 1904-ல் பட்டம் வாங்கினார். மனசு மட்டும் மண்ணியல் பக்கமே போனது.

நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்கு இருக்கு; அடியில் கிடக்கிற மண்ணுக்கு இல்லை. அணை ஏன் சரிகிறது, கட்டடம் ஏன் இறங்குகிறது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 1912-ல் அமெரிக்கா போய், அணை கட்டும் இடங்களாகச் சுற்றி விவரம் சேகரித்தார். 1913 முடிவில் வெறுத்துப்போய் ஊர் திரும்பினார். காரணம் என்ன தெரியுமா? எல்லா இடத்திலும் களிமண், மணல் என்று பெயர்தான் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே பெயருள்ள இரண்டு களிமண் இரண்டு விதமாக நடந்துகொண்டது. பெயரை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது? மண்ணின் குணத்தை எண்ணால் அளக்கணும் என்று அங்கேதான் புரிந்தது.

1916-ல் கான்ஸ்டான்டிநோபிளில் பொறியியல் பள்ளி ஆசிரியரானார். 1918-ல் போர் முடிந்ததும் அந்த வேலை போச்சு. அதே ஊரில் இருந்த ராபர்ட் கல்லூரி இடம் கொடுத்தது. லேப் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரிக் குப்பையில் கிடந்த சாமான்களையும் வைத்துக் கருவி செய்தார். ஈரக் களிமண்ணை வளையத்தில் அடைத்து, பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குது என்று பொறுமையாக அளந்தார்.

அதில் கிடைத்ததுதான் பெரிய உண்மை. நீர் நிரம்பிய களிமண் மேல் பாரம் வைத்தால் முதலில் தாங்குவது துளைகளில் இருக்கும் தண்ணீர். தண்ணீர் மெல்ல மெல்லக் கசிய, பாரம் மண் துகள்களுக்கு மாறும், மண் அமுங்கும். மொத்த அழுத்தத்தில் துளைநீர் அழுத்தத்தைக் கழித்தால் வருவதே பயனுறு அழுத்தம். கட்டடம் கட்டி முடித்துப் பல வருஷம் கழித்தும் இறங்குவது ஏன் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. 1925-ல் இதையெல்லாம் ஜெர்மன் மொழியில் புத்தகமாக வெளியிட்டார். மண் இயக்கவியல் என்ற பாடமே அதிலிருந்துதான் வளர்ந்தது.

எதிர்ப்பும் வந்தது. வியன்னாவில் உடன் பணியாற்றிய பேராசிரியர் ஃபில்லுங்கர், இது அறிவியலே இல்லை என்று 1936-ல் துண்டு நூல் போட்டார். விசாரணைக் குழு டெர்சாகி பக்கம் நின்றது. 1937-ல் ஃபில்லுங்கரும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவருடைய கோட்பாட்டிலும் சத்து இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். வாதம் பகையானால் எங்கே போய் முடியும் என்பதற்கு இது ஒரு துயரமான சாட்சி.

1938-ல் ஆஸ்திரியாவை விட்டு அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் பாடம் நடத்தினார். லேபில் ஜெயித்த பிறகும் அவர் களத்தை விடவில்லை. மண் மாதிரி என்பது பூமியின் ஒரு துளிதான். ஆகவே வேலை நடக்கும்போதே அளந்து, தேவைப்பட்டால் வடிவமைப்பை மாற்றணும் என்பது அவர் வழி. 1963 அக்டோபர் 25-ல் மறைந்தார். கனடாவில் அவர் கட்ட உதவிய மிஷன் அணைக்கு 1965-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

தோழர்களே! சைட்டில் மண் எடுக்கிறவன் ஒருத்தன், லேபில் சோதிக்கிறவன் ஒருத்தன், கணக்குப் போடுகிறவன் இன்னொருத்தன் என்று பிரிந்து கிடந்தால் மண் நம்மை ஏமாற்றிவிடும். எந்த ஆழத்தில், எந்த நாளில், நீர்மட்டம் எங்கே இருந்தபோது எடுத்த மண் என்று எழுதாத மாதிரிக்கு லேப் ரீடிங் எடுத்தும் பிரயோஜனமில்லை. நாளை நாம் போடப்போகிற அஸ்திவாரத்தின் மேல் குடும்பங்கள் குடியிருக்கும். சுருட்டுப் பெட்டியை வைத்தே ஒருவர் இவ்வளவு சாதித்திருக்கிறார். நம்ம லேபில் அதைவிட நல்ல கருவி இருக்கிறதே!