கப்பலோட்டிய ராபர்ட் ஸ்மால்ஸ்

கப்பலோட்டியவர் என்றதும் நம் நெஞ்சில் வ.உ.சி. அவர்களே தோன்றுவார். கடலுக்கு அப்பால், அமெரிக்க நாட்டிலும் ஒருவர் கப்பலோட்டினார். அவர் அடிமையாகப் பிறந்தவர். கப்பலோட்டிய நாளில் எழுத்தறியாதவர். ராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பது நமது நெடுநாள் அவா.

தென் கரோலினா மாநிலத்துப் பியூபர்ட் நகரில், 1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், எசமானர் வீட்டின் பின்புறத்துக் குடிசையில் அவர் பிறந்தார். தாயார் லிடியா அவ்வீட்டில் ஊழியம் செய்த அடிமை. தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என்பது அக்காலச் சட்டம். அடிமைக்கு எழுத்தறிவித்தலும் அம்மாநிலத்தில் குற்றமாகவே இருந்தது. பன்னிரண்டாம் வயதில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திற்கு அவரைக் கூலிவேலைக்கு அனுப்பினர். கூலிப் பணம் எசமானருக்கு. உழைத்தவருக்கு வாரம் ஒரு டாலர். விடுதியில் எடுபிடி வேலை, தெருவிளக்கு ஏற்றுதல், சரக்கு சுமத்தல், கப்பற்பாய் தைத்தல் என வளர்ந்து, முடிவில் சுக்கான் பிடிக்கும் பணியில் தேர்ந்தார். ஹன்னா என்னும் அடிமைப் பெண்ணை 1856இல் மணந்தார். குடும்பத்தை விலைகொடுத்து மீட்க முயன்றபோது கேட்கப்பட்ட தொகை 800 டாலர். அவர் கையிலிருந்ததோ 100 டாலரே.

அடிமைமுறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து சென்றதால் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்னவர் படையின் பிளான்டர் என்னும் கப்பலில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடித்தார். 1862 மே 12ஆம் நாள் இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையிறங்கி வீடு சென்றனர். ஸ்மால்ஸ் எதிர்நோக்கியிருந்த வேளை அதுவே. விடியுமுன் அடிமை மாலுமிகள் கப்பலைக் கிளப்பினர். வேறொரு துறையில் மறைந்திருந்த பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டனர். பிடிபட நேர்ந்தால் கப்பலோடு தாமும் அழிந்துபடுவதென முன்னரே உறுதிபூண்டிருந்தனர். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே நின்ற ஸ்மால்ஸ், கோட்டைதோறும் உரிய ஊதல் குறியை முறைப்படி ஒலித்தார். சம்டர் கோட்டையின் காவலர் ஐயுறவில்லை. கோட்டைப் பீரங்கிகளின் எல்லை கடந்ததும் கொடியை இறக்கி, ஹன்னா கொணர்ந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினர். சுட ஆயத்தமாயிருந்த வடவர் கப்பல் அதனைக் கண்டு நிறுத்திற்று. பதினாறு பேர் அக்காலையில் விடுதலை பெற்றனர்.

அவ்வாண்டே வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தாரைப் படையிற் சேர்க்க வேண்டினார். ஐயாயிரம் பேர்வரை சேர்க்க ஆணை பிறந்ததில் அவர் முயற்சிக்கும் பங்குண்டு. போர் பல கண்டார். பிளான்டர் கப்பலுக்கே தலைவருமானார்.

ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நமக்கு இதற்குப் பிந்திய பகுதியே பெரிதாகத் தோன்றுகின்றது. 1864இல் பழுதுபார்க்கக் கப்பல் பிலடெல்பியா சென்றிருந்தபோது, இருபத்தைந்து வயது போர்வீரர் ஆசிரியரை அமர்த்தி எழுத்துக் கூட்டிப் படிக்கலானார். படிப்பை நிறுத்திவிட்டு வயதாகிவிட்டதே என நம்மிடம் வந்து தலைகுனியும் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறோம். போருக்குப்பின் பியூபர்ட் திரும்பியவர் ஒரு மாடிக் கட்டடத்தை வாங்கிக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு அளித்தார். வரி பாக்கிக்காக ஏலம் போன பழைய எசமானரின் வீட்டையும் அவரே வாங்கினார். அதன்மேல் எழுந்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, 1878இல் அவருக்கே வென்றது.

1868இல் மாநில அரசியலமைப்பு மன்றத்தில் அமர்ந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தார். பின்னர் மாநிலச் சட்டமன்றத்தின் ஈரவைகளிலும் உறுப்பினரானார்; 1875 முதல் 1887 வரை இடைவிட்டு ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தார்.

ஒன்றை மறைத்தல் தகாது. அச்சு ஒப்பந்தத்தில் 5,000 டாலர் கையூட்டுப் பெற்றதாக 1877இல் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாநில ஆட்சி எதிர்க்கட்சியார் கைக்குப் போயிருந்த காலம் அது. வெள்ளையர்மீதிருந்த தேர்தல் வழக்குகளைக் கைவிடும் உடன்பாட்டின் பேரில் 1879இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. தீர்ப்பை விடப் பேரமே நம் மனத்தை உறுத்துகின்றது.

1895இல் மீண்டும் ஓர் அரசியலமைப்பு மன்றம் கூடிற்று. கறுப்பினத்தார் வாக்கைப் பறிப்பதே அதன் நோக்கம். படிக்கத் தெரிதல் அல்லது 300 டாலர் சொத்து என வாக்காளர்க்குத் தகுதி வகுத்தனர். எழுத்தை எவரிடமிருந்து சட்டம் போட்டு மறைத்தனரோ, அவரிடமே எழுத்தைக் கேட்டனர்! அம்மன்றத்தில் கறுப்பினத்தார் அறுவரே. ஸ்மால்ஸ் எழுந்து வாதிட்டார், தோற்றார், முடிவில் கையெழுத்திட மறுத்தார். பறிபோன அவ்வுரிமை 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முழுமையாக மீண்டது.

பின்னர்ப் பியூபர்ட்டில் சுங்கத் தண்டலராக நெடுங்காலம் பணியாற்றினார். 1915 பிப்ரவரி 23ஆம் நாள், தாம் பிறந்த குடிசை எவ்வீட்டின் பின்னால் இருந்ததோ அவ்வீட்டிலேயே காலமானார்.