மளிகை சேல்ஸ்மேன் அடக்கிய நெருப்பு... எஞ்சினுக்குள் கேஸ் எரியும் வேகம் ஏன் முக்கியம்? யார் இந்த ஓட்டோ?

பெட்ரோல் காரும் பைக்கும் இன்று ஓடுவது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில். அதை ஓடவைத்துக் காட்டியவர் காலேஜ் பக்கமே போகாதவர். முதலில் அது ஓடியது பெட்ரோலில் இல்லை, கேஸில்!

யார் இவர்?

1832-ல் ஜெர்மனியின் ஹோல்ஸ்ஹவுசன் கிராமத்தில் பிறந்தவர் நிக்கோலஸ் ஓட்டோ. ஊர் ஊராகப் போய் டீ, சர்க்கரை விற்கும் சேல்ஸ்மேன். 1860-ல் பாரிஸில் லெனுவார் உருவாக்கிய கேஸ் எஞ்சின் பற்றிக் கேள்விப்பட்டதும் வாழ்க்கை மாறியது.

சிக்கல் என்ன?

அந்த எஞ்சினுக்கு எரிபொருள், தெருவிளக்குக்குக் குழாயில் வந்த நிலக்கரி வாயு. அதில் சுமார் பாதி ஹைட்ரஜன், மீதியில் பெரும்பங்கு மீத்தேன். காற்றோடு கலந்த மீத்தேனில் தீ நொடிக்கு சுமார் 40 செ.மீ. வேகத்தில் பரவும். ஹைட்ரஜனில் 2 மீட்டருக்கும் மேல்!

தீ ரொம்ப வேகமாகப் பரவினால் எஞ்சின் அடிவாங்கும். மெதுவாகப் பரவினால் சக்தி புகையோடு வெளியே போய்விடும். 1862-ல் ஓட்டோ, கேஸ் கலவையை அழுத்தி எரித்துப் பார்த்தார். அதிர்ச்சி தாங்காமல் எஞ்சினே உடைந்துபோனது.

எப்படி ஜெயித்தார்?

1864-ல் ஓய்கன் லாங்கனுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அடுத்த எஞ்சினில், வெடிப்பு பிஸ்டனை மேலே தூக்கி எறியும். அது கீழே இறங்கும்போதுதான் வேலை நடக்கும். அதனால் அதிர்ச்சி பிரச்சினை இல்லை. லெனுவார் எஞ்சினைவிட பாதிக்கும் குறைவான கேஸ் குடித்த இது, 1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது.

ஆனாலும் பழைய கனவை விடவில்லை. 1876-ல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. தீ பிடிக்கும் இடத்தில் கேஸ் அதிகம், பிஸ்டன் பக்கம் காற்று அதிகம் என அடுக்கடுக்காக நிரப்பியதே காரணம் என்று நம்பினார். கலவையை அழுத்தி எரித்ததே முக்கியக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது.

பேட்டன்ட் என்ன ஆனது?

நான்கு ஸ்ட்ரோக் யோசனையை பிரான்சின் போ த ரோஷா 1862-லேயே எழுதிவைத்திருந்தார். அதனால் 1886-ல் ஜெர்மனியில் ஓட்டோவின் பேட்டன்ட் உரிமை பறிபோனது. 1891-ல் அவர் காலமானார். ஆனால் அந்த இயக்கத்துக்கு இன்றும் ஓட்டோ சுழற்சி என்றுதான் பெயர்.

இப்போது ஏன் இந்தக் கதை?

சிஎன்ஜியில் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த எரிபொருளை 2020-ல் மத்திய அரசு அனுமதித்தது. ஹைட்ரஜன் சேர்ந்தால் தீயின் வேகம் கூடும். அதற்கேற்ப ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஓட்டோ மல்லுக்கட்டிய அதே கணக்குதான்!