திக்கற்ற பிள்ளைகளின் தந்தை சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சையின் இலக்கிய வரலாற்றில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாருக்கும், சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய இரண்டாம் சரபோசி மன்னருக்கும் அழியாத இடம் உண்டு. முன்னவர் கிறித்தவப் புலவர்; பின்னவர் முன்னோர் சமயத்தில் இறுதிவரை நின்ற மராத்திய மன்னர். சிறு வயதில் இவ்விருவரையும் கைப்பிடித்து நடத்தியவர் ஒருவரே. அவர்தாம் கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர்.

பிறப்பும் தமிழும்

ஐயர் 1726-இல் பிரசிய நாட்டின் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. நினைவு தெளியும் முன்னரே தாயை இழந்தார். தம் மகனை இறைபணிக்கு ஆளாக்குமாறு கணவரிடம் வேண்டிவிட்டு அவ்வம்மையார் கண்மூடினார். ஆலே நகரில் கல்வி பயின்றபோது, தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த சூல்ட்சே ஐயரிடம் தமிழ் கற்றார். தந்தைவழிச் சொத்தை உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்து, 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். சில திங்களுக்குள்ளாகவே தமிழில் அருளுரை நிகழ்த்தினார். மணம் செய்துகொள்ளாமலே 48 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தார். தாய்நாட்டை மீண்டும் காணவில்லை.

திருச்சியில் கோயிலும் பள்ளியும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்ததில் படைவீரர் பலர் மாண்டனர். அவர்தம் பிள்ளைகள் ஆதரவின்றித் தவித்தனர். ஐயர் பொருள் திரட்டி அவர்களுக்கு ஒரு பள்ளி அமைத்தார். 1766-இல் கோட்டைக்குள் கிறித்துநாதர் ஆலயம் எழுந்தது. ஆலயம் முடியும்வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் செய்யவில்லை என்பது எண்ணத்தக்கது. படைக்குக் குருவாக இருந்து பெற்ற ஊதியத்தின் பெரும்பகுதியையும் அவர் சபைப் பணிக்கே செலவிட்டார்.

போரும் பஞ்சமும்

1779-இல் சென்னை ஆளுநர் அவரை ஐதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பினார். விடைபெறும்போது ஐதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் அளித்தார். ஐயர் அதனை அரசிடம் ஒப்படைத்தார். அரசு திருப்பிக் கொடுத்தபோது தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் நிதியாக்கினார். தூது பயன்தரவில்லை, அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆயினும் ஐதர், ஐயரை எங்கும் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் படையினருக்கு ஆணையிட்டார்.

தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். விலை கிடைக்குமென்ற நம்பிக்கை அற்றுப்போனதால் உழவர் தானியம் கொண்டுவரவில்லை. அரசனின் வாக்கும் படைத்தலைவரின் வாக்கும் செல்லாத அந்நாளில், ஐயர் தம் பெயரைப் பிணையாக வைத்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. உரியவர் அனைவருக்கும் அவர் கையாலேயே விலை கொடுத்தார். பின்னர், கொடுமை தாளாது ஊரைவிட்டு ஓடிய குடிகள் அவருடைய சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் தம் வயல்களுக்குத் திரும்பினர்.

இரு சிறுவர்

திருநெல்வேலிச் சீமையில் தேவசகாயம் பிள்ளையின் மைந்தன் வேதநாயகத்தைக் கண்டு, பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துவந்து தம் பிள்ளைபோல் வளர்த்தார். அச்சிறுவரே பின்னாளில் தஞ்சைப் பள்ளியின் ஆசிரியராகவும் கவிராயராகவும் உயர்ந்தார்.

1787-இல் துளசா மன்னர் இறக்கும் தறுவாயில், தத்துப் பிள்ளை சரபோசியை ஐயர் கையில் ஒப்படைக்க விரும்பினார். சிறுவனுக்கு அப்போது வயது பத்து. அரசுப் பொறுப்பு குருவுக்கு ஏற்றதன்று எனக் கருதிய ஐயர், மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காவலராக்குமாறு சொன்னார். அறிவுரை பிழையாயிற்று. அமர்சிங் அரியணையைத் தாமே கைக்கொண்டார். சிறுவன் அடைபட்டுக் கல்வியின்றி வாடினான். ஐயர் தம் பிழைக்கு ஈடுசெய்வதுபோல் பின்னைய ஆண்டுகளைச் செலவிட்டார். அரசுக்கு முறையிட்டுப் பிள்ளையை மீட்டார். சென்னைக்கு அனுப்பிக் கெரிக் ஐயரிடம் கல்வி பெறச் செய்தார். அவனது உரிமைக்காக இடைவிடாது எழுதினார்.

மறைவு

1798 பிப்ரவரி 13-இல் ஐயர் தஞ்சையில் காலமானார். அடக்கத்திற்கு வந்த சரபோசி கண்ணீர் வடித்து, உடல்மீது பொற்சரிகை ஆடை போர்த்தினார். அதே ஆண்டில் அவர் அரியணை ஏறினார். அந்நாளைக் காண ஐயர் இல்லை. பின்னர் மன்னர் இங்கிலாந்தின் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்று செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் உள்ள அச்சிற்பத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார்; அருகே பள்ளிச் சிறுவர் நிற்கின்றனர்.

தாயை இழந்த பிள்ளை ஒன்று, கடல் கடந்து வந்து, ஆதரவிழந்த பிள்ளைகளுக்கு ஆதரவாயிற்று. அப்பிள்ளைகளுள் ஒருவர் நமக்குக் கவிதை தந்தார். ஒருவர் சுவடிகளைக் காத்துத் தந்தார். அவ்விரு கொடைகளையும் துய்க்கும் நாம், கொடுத்தவரை வளர்த்த கையை நன்றியுடன் நினைத்தல் கடனாகும்.