எஃகு உருண்டைக்குள் உட்கார்ந்து கடலாழம் போனவர்

கடம்பத்தூர்ப் பக்கம் பம்புசெட் கிணறுகள் நிறைய உண்டு. கோடை வந்தால் போதும். சிறுவர்கள் மேட்டிலிருந்து குதித்து, அடியில் கிடக்கும் காசை எடுத்து வரப் பந்தயம் கட்டுவார்கள். பதினைந்து அடி இறங்கியதுமே காது விண்ணென்று வலிக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கினால், யாரோ இரண்டு கையாலும் மண்டையை அமுக்குவது போல் இருக்கும்.

அமுக்குவது பேயும் அல்ல, பிசாசும் அல்ல. தண்ணீரின் பாரம்தான்.

ஒவ்வொரு 33 அடி ஆழத்துக்கும், ஒரு சதுர அங்குல இடத்தில் ஏறக்குறைய ஏழு கிலோ பாரம் கூடுகிறது. ஒரு சதுர அங்குலம் என்றால் தபால் தலை அளவு. கடலில் 3,000 அடி ஆழத்தில் அந்தத் தபால் தலை அளவு இடத்தில் 600 கிலோ பாரம் அமுக்கும். பல நெல் மூட்டைகளை ஒரு தபால் தலையின் மேல் அடுக்கியது போல!

அந்த ஆழத்துக்குத் தானே இறங்கிப் போய், கண்ணால் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பியவர் வில்லியம் பீபி. அவருடைய கதை இது.

கண்ணாடி மாவானது!

ஆழ்கடலின் பாரம் என்ன செய்யும் என்பதை முதலில் கண்டவர்கள் திமிங்கில வேட்டைக்காரர்கள். ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் சில சமயம் படகையே கயிற்றோடு ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும். அந்தப் படகை மீட்டு மேலே கொண்டு வந்தால், அது மிதக்காது. மரத்தின் நுண்ணிய துளைகளில் எல்லாம் தண்ணீர் புகுந்து, படகு கல்லாகக் கனக்கும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கோர்ஸ்பி என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பலவகை மரத்துண்டுகளைக் கயிற்றில் கட்டி, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கித் தூக்கினார். முன்பு மிதந்த துண்டுகள் மூழ்கிப் போயின.

அதன் பிறகு, 1872-ம் ஆண்டு சேலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் இருந்த ரசாயன நிபுணர் புக்கானன், காற்று நிறைந்த தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் இரண்டு முனைகளையும் உருக்கி மூடினார். அதைத் துணியில் சுற்றி, துளைகள் உள்ள செப்புக் கூட்டுக்குள் வைத்து ஆழ்கடலுக்குள் இறக்கினார். தூக்கிப் பார்த்தபோது செப்புக் கூடு உள்பக்கமாக நசுங்கி இருந்தது. துணியைப் பிரித்தால், கண்ணாடிக் குழாய் வெள்ளை மாவாக உதிர்ந்தது.

இன்றும் ஆராய்ச்சிக் கப்பல்களில் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. தேநீர் குடிக்கும் தெர்மோகோல் கோப்பையில் பெயர் எழுதி, கருவிகளோடு ஆழத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நசுங்கி, கோப்பை சுண்டுவிரல் நுழையும் சொப்பாகச் சுருங்கி வரும்.

உள்ளே வெற்றிடமோ காற்றோ இருந்தால் ஆழ்கடல் அதை விடாது. மீன் தப்பிப்பதற்குக் காரணம், அதன் உடம்பின் உள்ளேயும் தண்ணீரே பெரும்பகுதி. மனிதனுக்கோ நெஞ்சு நிறையக் காற்று. அவன் எப்படிப் போவது?

பறவைப் பிரியர்

பீபி 1877-ம் ஆண்டு ஜுலை 29-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே பறவைப் பைத்தியம். கல்லூரியில் சேர்ந்தார், பட்டம் வாங்கவில்லை. 22-ம் வயதில் நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் பறவைப் பகுதியில் வேலை கிடைத்தது. படிப்பு அதோடு நின்றது. ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை.

1909-ம் ஆண்டின் இறுதியில் காட்டுக்கோழி இனங்களை ஆராய ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார். இலங்கைக் காடுகளில் மயிலையும் காட்டுக்கோழியையும் தேடி அலைந்தார். பிறகு கல்கத்தா, டார்ஜிலிங், இமயமலைச் சரிவுகள், பர்மா, சீனா என்று சுற்றினார். நம் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிகளின் மூதாதையர் உட்பட அந்த இனங்களைப் பற்றி அவர் நான்கு பெரிய புத்தகங்கள் எழுதினார். கோழியைத் தேடி வந்த மனிதர் பின்னால் மீனைத் தேடிக் கடலுக்குள் இறங்குவார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1920-களில் அவருக்குக் கடல் ஆசை பிடித்துக்கொண்டது. செப்புத் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். மேலே படகில் இருப்பவர்கள் கைப்பம்பு அடித்து, ரப்பர்க் குழாய் வழியே காற்று அனுப்புவார்கள். இப்படிப் பல நூறு தடவை இறங்கினார். ஆனால் அறுபது அடிக்கு மேல் போவது ஆபத்து. கீழே நீலமாய்ச் சரிந்து போகும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவார்.

உருளையா, உருண்டையா?

ஆழம் போக ஒரு கூடு வேண்டும். அது என்ன வடிவத்தில் இருக்கவேண்டும்?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பீபியின் நண்பர். ஒரு நாள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பீபி டப்பா போன்ற உருளை வடிவத்தை வரைந்தார். ரூஸ்வெல்ட் உருண்டையை வரைந்தார். ரூஸ்வெல்ட் வரைந்ததே சரி என்று பின்னால் தெரிந்தது.

காரணம் சுலபம். ஒரு கோழி முட்டையை உள்ளங்கையில் வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்திப் பாருங்கள். உடைவது கஷ்டம். விரல் நுனியால் ஓர் இடத்தில் குத்தினால் உடனே உடையும். உருண்டை வடிவம் பாரத்தை எல்லாப் பக்கமும் பங்கு போட்டுக்கொள்கிறது. தட்டையான மூடி உள்ள டப்பா அப்படிச் செய்யாது. மூடி முதலில் குழியும்.

பீபி ஆழ்கடலுக்குப் போகப் போகிறார் என்று 1926-ம் ஆண்டு பத்திரிகையில் செய்தி வந்தது. உடனே யோசனைகள் வந்து குவிந்தன. பெரும்பாலும் பைத்தியக்கார யோசனைகள். படித்துப் படித்து அலுத்துப்போன பீபி, கடைசியில் எதையும் பார்ப்பதில்லை. அந்தக் குவியலில் ஓடிஸ் பார்ட்டன் என்ற வாலிபரின் கடிதமும் கிடந்தது. பார்ட்டன் பணக்காரர், என்ஜினீயரிங் படித்தவர். ஒரு நண்பர் மூலம்தான் அவரால் பீபியைச் சந்திக்க முடிந்தது. அவர் காட்டிய படம், எஃகு உருண்டை. செலவு முழுவதும் என்னுடையது, என்னையும் உள்ளே அழைத்துப் போனால் போதும் என்றார் அவர்.

பனையோலை விசிறி

முதலில் வார்த்த உருண்டை ஐந்து டன் இருந்தது. கப்பலில் உள்ள இயந்திரத்தால் தூக்க முடியாது. அதை உருக்கிவிட்டு, பாதி எடையில் வேறு வார்த்தார்கள். குறுக்களவு 4 அடி 9 அங்குலம். உள்ளே போகும் துவாரம் 14 அங்குல அகலம். நம் ஊர்க் கிணற்று உறைக்குள் நுழைவது இதைவிடச் சுலபம்! அதன் கதவே 180 கிலோ. பத்துப் பெரிய போல்ட்டுகளைச் சம்மட்டியால் அடித்து முடுக்கவேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தில் காது செவிடாகிவிடும்.

சன்னலுக்குக் கண்ணாடி போடவில்லை. மணலின் மூலப்பொருளான ஸ்படிகத்தை உருக்கி, மூன்று அங்குலக் கனத்தில் வில்லைகள் செய்தார்கள்.

இரண்டு பேர் அடைந்து கிடக்கும் உருண்டைக்குள் மூச்சு விடுவது எப்படி? பிராணவாயு நிறைந்த சிலிண்டர்கள் இருந்தன. வெளிவிடும் கெட்ட காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச, தட்டுகளில் ரசாயனத் தூள் பரப்பி வைத்தார்கள். காற்றைக் கலக்கிவிட என்ன கருவி தெரியுமா? பனையோலை விசிறி! உலகிலேயே புதுமையான இயந்திரத்துக்குள் உட்கார்ந்து, இரண்டு துரைமார்களும் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டார்கள்.

1930-ம் ஆண்டு ஜுன் 6-ந் தேதி. அட்லாண்டிக் கடலில் பெர்முடா தீவுக்கு அருகே, உருண்டை எஃகுக் கயிற்றில் தொங்கியபடி தண்ணீருக்குள் இறங்கியது. பீபிக்கு வயது 52.

300 அடியில் கதவுக்குக் கீழிருந்து தண்ணீர் கசிந்தது!

பார்ட்டன் திடுக்கிட்டார். வேறு யாராக இருந்தாலும் மேலே தூக்கும்படி கத்தியிருப்பார்கள். பீபி ஒரு நிமிடம் யோசித்தார். ஆழம் கூடக் கூடக் கடலே கதவை இறுக்கி அமுக்கும், கசிவு நின்றுவிடும். இன்னும் வேகமாக இறக்குங்கள் என்று டெலிபோனில் உத்தரவிட்டார். அவர் கணக்கு சரியாக இருந்தது. கசிவு அதிகரிக்கவில்லை.

அன்று 803 அடி வரை போனார்கள். அங்கே பீபியின் மனத்தில் ஏதோ உறுத்தியது. போதும் என்று நிறுத்திவிட்டார். காரணம் அவருக்கே தெரியாது. ஐந்தே நாளில் 1,426 அடிக்குப் போய் வந்தார். அதற்கு முன்பு கனத்த கவச உடை அணிந்த மூழ்காளர் எட்டிய ஆழமே 525 அடிதான்.

பீரங்கிக் குண்டு போல...

பீபியின் கதையில் நெஞ்சைப் பதற வைக்கும் இடம், அவர் கீழே போகாத ஒரு நாளில் நடந்தது.

1932-ம் ஆண்டு உருண்டையில் புதிதாக மூன்றாவது சன்னல் பொருத்தினார்கள். ஆள் ஏறுமுன் வெற்று உருண்டையை இறக்கிப் பார்க்கவேண்டும் என்பது பீபியின் கண்டிப்பான விதி. அதன்படி 3,000 அடிக்கு இறக்கித் தூக்கினார்கள். வெளியே வந்த உருண்டை வழக்கத்தைவிட அதிகமாகக் கனத்தது. புதுச் சன்னல் ஓரத்திலிருந்து ஊசி போல் நீர் பீச்சியது. எட்டிப் பார்த்தால், உள்ளே ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். மிச்சம் இருந்த கொஞ்ச இடத்தில் காற்று நசுங்கி அடைபட்டுக் கிடந்தது.

கதவின் நடுவில் உள்ள பெரிய போல்ட்டைத் திருகினார்கள். கீச்சென்று ஓர் ஒலி கிளம்பியது. ஆவி போல் நீர்த்துளி சீறியது. பீபிக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லோரையும் கதவுக்கு எதிரிலிருந்து விலகச் சொன்னார். அவரும் மற்றொருவரும் பக்கவாட்டில் சாய்ந்து நின்று, சிறிது சிறிதாகத் திருகினார்கள்.

திடீரென்று போல்ட்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது! பீரங்கிக் குண்டு போல் தளத்தைக் கடந்து, முப்பது அடி தூரத்தில் இருந்த எஃகு இயந்திரத்தில் மோதி, அரை அங்குல ஆழத்துக்குக் குழி பறித்தது. அதன் பின்னால் தண்ணீர் தூணாகப் பாய்ந்தது. ஒருவர் எதிரில் நின்றிருந்தால், அவர் தலை இருந்திருக்காது. அந்த உருண்டைக்குள் பீபியும் பார்ட்டனும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சன்னலைச் சரி செய்தார்கள். மறுபடி வெற்று உருண்டையை இறக்கினார்கள். பிறகுதான் ஏறினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி 2,200 அடி ஆழத்திலிருந்து பீபி பேசியது ரேடியோவில் ஒலிபரப்பானது. கடல் கொந்தளித்து உருண்டை ஆடியதில், இருவருக்கும் காயம்.

முதலில் ஆள் இல்லாமல் சோதிப்பது என்ற வழக்கம் இன்றும் மாறவில்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதற்காக மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தை அமைத்து வருகிறது. அதிலும் ஆட்கள் அமரும் அறை உருண்டைதான். எஃகுக்குப் பதில் டைட்டானியம். 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் அதை ஆள் இல்லாமலும், ஆளோடும் தண்ணீரில் இறக்கிச் சோதித்த இடம் காட்டுப்பள்ளித் துறைமுகம். கடம்பத்தூர் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான்!

3,028 அடி

1934-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பீபியும் பார்ட்டனும் கடைசி எல்லைக்குப் போனார்கள். இறங்க இறங்க முதலில் சிவப்பு நிறம் மறைந்தது. பிறகு மஞ்சள், பச்சை. சொல்லில் அடங்காத ஒரு நீலம் மட்டும் மிஞ்சியது. 2,000 அடியில் அதுவும் போய், அமாவாசை இருட்டு. அந்த இருட்டில் மின்மினிகளைப் போல் மீன்கள் ஒளி விட்டன.

மேலே கப்பலில் குளோரியா ஹோலிஸ்டர் என்ற பெண் விஞ்ஞானி டெலிபோனும் காதுமாக இருந்து, பீபி சொல்வதை எழுதிக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றால் ஆபத்து என்று அர்த்தம். இந்த அம்மையாரும் அதே உருண்டையில் 1,208 அடி வரை இறங்கியவர்.

3,028 அடியில் உருண்டை நின்றது. மேலே உருளையில் எஃகுக் கயிறு சில சுற்றுகளே பாக்கி. அப்போது உருண்டையின் மேல் இருந்த மொத்தப் பாரம் ஆறாயிரம் டன்னுக்கு மேல். ஆயிரம் யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம். முகத்துக்கு நேரே இருந்த சன்னலின் மேல் மட்டும் நாலு யானைப் பாரம். அதற்குள் இருவரும் ஒலை விசிறியோடு குந்தியிருந்தார்கள்.

15 ஆண்டுகள் வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 1949-ல் முறியடித்தவர் யார் தெரியுமா? அதே பார்ட்டன்! வேறு ஓர் உருண்டையில், தனியாக.

யாரும் பார்க்காத மீன்கள்

புகழோடு சண்டையும் வந்தது. சன்னல் வழியே கண்ட சில மீன்களுக்கு பீபி புதுப் பெயர் சூட்டினார். அவர் சொன்ன அடையாளங்களைக் கேட்டு, எல்ஸே போஸ்டல்மன் என்ற பெண் ஓவியர் அழகான படங்கள் தீட்டினார். ஆனால் மீனைப் பிடித்துக் காட்டவில்லையே! சன்னலில் படிந்த மூச்சுக் காற்றின் ஆவியைப் பார்த்து ஏமாந்திருப்பார் என்று மீன்துறைப் பேராசிரியர் ஒருவர் எழுதினார். அந்த மீன்களில் சிலவற்றை இன்று வரை வேறு யாரும் பார்த்ததில்லை.

ஒரு நொடியில் ஒளி விட்டு மறைந்த மீனுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைத்தது பீபியின் தவறுதான். ஆனால் அவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல. தாம் நுழைய மறுத்த ஆழங்களையும், இருட்டில் தாம் அஞ்சியதையும் தம் புத்தகத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1934-க்குப் பிறகு அவர் உருண்டைக்குள் ஏறவில்லை. மறுபடி காட்டுக்கே திரும்பினார். 1949-ல் டிரினிடாட் தீவின் மலைக்காட்டில் ஒரு பண்ணை வாங்கினார். கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வாரிசுகள் நிறைந்த தீவு அது. பண்ணையின் பெயர் சிம்லா. அதை ஆராய்ச்சி நிலையமாக்கி, 1953-ல் தம் சங்கத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை, பூச்சி, பட்டாம்பூச்சி என்று கடைசிக் காலம் கழிந்தது. 1962-ம் ஆண்டு ஜுன் 4-ந் தேதி, 84-ம் வயதில், நிமோனியா காய்ச்சலால் சிம்லாவிலேயே காலமானார். அந்தத் தீவிலேயே அடக்கம் செய்தார்கள்.

உருண்டை என்ன ஆயிற்று? இரண்டாவது உலகப் போரின்போது, தண்ணீருக்குள் வெடிகுண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று சோதிக்க அமெரிக்கக் கடற்படை அதை வாங்கிக்கொண்டு போனது. அதற்கும் அது உடையவில்லை. பிறகு நியூயார்க் நகரின் கோனி ஐலண்ட் மீன் காட்சி சாலைக்கு வந்தது. நடுவில் சில ஆண்டுகள், அங்குள்ள ராட்சத ராட்டின ரயிலுக்கு அடியில், பழைய சாமான்களோடு கேட்பாரற்றுக் கிடந்தது. 2005-ம் ஆண்டு மறுபடி வெளியே எடுத்து வைத்தார்கள்.