திப்பு சுல்தான் கண்ட உடன்படிக்கைகள்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ளது நல்லம்பள்ளி. அன்பர்களே, இவ்வூர் அடங்கிய பாரமகால் சீமை ஒரு காலத்தில் மைசூர் வேந்தர் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்ததை அறிவீர்கள். 1792-ல் ஓர் உடன்படிக்கையின் மூலமாகவே அது ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று. அவ்வரலாற்றில் நமக்குப் படிப்பினை உண்டு.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு, தந்தை ஹைதர் அலி 1782-ல் மறைந்ததும், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1784 மார்ச்சில் மங்களூரில் கும்பினியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். பிடித்த நிலங்களை இரு தரப்பாரும் திருப்பித் தரவும், கைதிகளை விடுவிக்கவும் இசைந்தனர். எவருக்கும் தாழ்வில்லாத சமாதானம் அது.

ஆயினும் 1789 டிசம்பரில், கும்பினியாரின் நேசரான திருவிதாங்கூர் மன்னரின் எல்லை அரணைத் திப்புவின் படை தாக்கிற்று. மீண்டும் போர் மூண்டது. கும்பினியாரும் நிஜாமும் மராத்தியரும் ஒன்றுகூடி, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டனர்.

இம்முறை ஷரத்துகள் மிகக் கடுமையானவை. இராச்சியத்தில் பாதி பறிபோயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். அதுவரை சிறுவர்களான அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் இரு மைந்தரும் பிணையாக இருக்க வேண்டும். பெற்ற உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்! திப்பு சொன்னபடி பணத்தைச் செலுத்தினார். 1794-ல் மைந்தர்கள் திரும்பினர்.

எனினும் பகை தீரவில்லை. இழந்ததை மீட்கும் எண்ணம் ஒருபுறம். பிரெஞ்சுக்காரருடன் அவர் கொண்ட தொடர்பைப் பற்றிய கும்பினியாரின் அச்சம் மறுபுறம். 1799 மே 4-ல் கோட்டை வீழ்ந்தது. சுல்தானும் போரிட்டவாறே உயிர் துறந்தார்.

ஹிஜ்ரி 6-ல் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை இங்கே நினைவுகூருங்கள். அதன் ஷரத்துகள் தோழர்களுக்கே கசந்தன. எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவற்றை வழுவாது காத்தார்கள். எதிர்த் தரப்பாரே அதை முறித்தனர். ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றி பெரும்பாலும் இரத்தம் சிந்தாமலே கிட்டிற்று. அன்று பகைவருக்கும் பொது மன்னிப்பே கிடைத்தது.

கையொப்பம் போரை நிறுத்திவைக்கும். வாக்குத் தவறாமையும், தோற்றவரை நசுக்காத நீதியும் சேர்ந்தால்தான் அது முடிவுறும். உடன்பிறந்தார் பாகப்பிரிவினையிலும் அண்டை வீட்டார் வழக்கிலும் இதுவே உண்மை. கொடுத்த வாக்கைக் காக்கும் நல்லோராய் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!