மூன்று முறை தட்டப்பட்ட கதவு
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு)

செஞ்சி என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருபவர் ராஜா தேசிங்கு. குதிரையேறிப் போர்க்களம் சென்று 1714-ஆம் ஆண்டில் உயிர் துறந்த அந்த இளைஞரின் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் எங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு அப்பால் எப்போதும் நிற்கின்றன. ஆனால் வாள் ஏந்தாத வீரர்களும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீராங்கனையின் வாழ்வு திசை திரும்பிய இடம், எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் திண்டிவனம். அவர்தாம் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். எங்கள் பள்ளிச் சமூக சேவைக் குழுவின் சார்பில் அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கடைசியில் சொல்வோம்.

பிறப்பும் இளமையும்

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்து, 1836-இல் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவரே. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அந்தக் குடும்பமே தமிழ் மண்ணில் தொண்டாற்றி வந்தது.

ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் எலும்பும் தோலுமான குழந்தைகளை அவர் தம் கண்களால் கண்டார். அந்தக் காட்சி அவரைத் தொண்டின்பால் இழுத்திருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்ததோ வேறு! பின்னர் அமெரிக்காவில் கல்வி கற்ற ஐடா, இந்தியாவின் வறுமையும் வெயிலும் தமக்கு வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தார். நல்ல உடை, நல்ல தோழியர், வசதியான இல்வாழ்க்கை இவையே அவருடைய கனவு. தொண்டு செய்யப் பிறந்தவர்கள் தொட்டிலிலேயே தெரிந்துவிடுவார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது சரியன்று என்பதை இவர் வரலாறு எங்களுக்குக் கற்பித்தது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றதால், அவருக்குத் துணையாக இருக்க ஐடா திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். அப்போதுதான் அந்த இரவு வந்தது.

வாசற்கதவு தட்டப்பட்டது. ஓர் இளம் பிராமணர் நின்றிருந்தார். சிறு வயதே நிரம்பிய தம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகக் கூறி, ஐடாவை உடனே வரும்படி வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் தம் இல்லத்துப் பெண்ணைப் பார்க்க வழக்கம் இடம் தராது என்று அவர் துயரத்துடன் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். ஐடாவுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொழுது விடிந்தபோது சாவுப் பறை கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பினார். அந்த மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

மூன்று வீட்டாரின் சமயமும் சாதியும் வேறு வேறு. ஆனால் துயரம் ஒன்றே. அந்த ஊரில் ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் மூன்று தாய்மாரும் பிழைத்திருக்கக்கூடும். ஐடா தம் அறையில் நெடுநேரம் செபித்தார். வெளியே வந்தபோது, மருத்துவம் கற்று இந்த நாட்டுப் பெண்களுக்கே தம் வாழ்வைத் தருவதாக முடிவு செய்திருந்தார்.

கற்றார், திரும்பி வந்தார்

1895-இல் பிலடெல்பியா நகரில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்று அவர் உதவி கேட்டபோது, ஷெல் என்னும் முதியவர் காலமான தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே தந்தையார் இறைவனடி சேர்ந்தார். வழிகாட்ட ஆளில்லை. தந்தையாரின் இல்லத்திலேயே ஒரே ஒரு கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். முதலில் மக்கள் வரத் தயங்கினர். பின்னர் சிறிது சிறிதாக வந்தனர். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தாரைத் தேடி அவரே சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் போய், சாலையோர மரநிழலில் அமர்ந்து வைத்தியம் பார்த்தார். மாடில்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினார்களாம்!

மாணவியரை நம்பிய ஆசிரியை

எத்தனை பேருக்குத்தான் ஒருவர் வைத்தியம் பார்க்க முடியும்? நோயாளிகள் பெருகப் பெருக, தாம் ஒருவராக உழைப்பதைவிட நூறு பெண்களைப் பயிற்றுவிப்பதே வழி என்று ஐடா கண்டுகொண்டார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கென மருத்துவப் பள்ளி வேண்டும் என்றார். மேலிடத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய விண்ணப்பங்கள்கூட வரா என்று கருதினார்கள். ஆனால் 1918 ஆகஸ்டு 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டபோது, இடமில்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

போதிய கட்டடமில்லை, கருவிகளில்லை, ஆசிரியர்களில்லை. ஐடாவே பாடம் நடத்தினார். முதலாண்டுத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் பலர் தவறியபோது, வேலூர் மாணவியர் பதினான்கு பேரும் தேறினர். 1922-இல் அந்தப் பதினால்வரும் மருத்துவர்களாகி வெளியே வந்தனர். ஒரு கதவு மூன்று முறை தட்டப்பட்டதற்குப் பதினான்கு பெண்கள் விடையாக நின்றார்கள்!

பிற்காலத்தில் அரசாங்கம் பட்டப் படிப்பு நடத்தினால்தான் அங்கீகாரம் என்று விதித்தபோது, எழுபது வயதை எட்டிய அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947 முதல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். பொறுப்பை விட்டு விலகும் காலம் வந்ததும் அவர் பதவியைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். ஐடா அம்மையார் கொடைக்கானலில் ஓய்வாக வாழ்ந்து, 1960 மே மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் தொடங்கிய கல்லூரிக்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

எங்கள் கதவும் தட்டப்பட்டது

இனி, அவரை நாங்கள் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் சேவைக் குழு கோட்டை அடிவாரத்தில் குப்பை அகற்றச் சென்றது. எல்லோரும் பேட்ஜ் அணிந்திருந்தோம். யார் தலைவி, யார் முன்னே நடப்பது என்று எங்களுக்குள் சிறு மனத்தாங்கலும் இருந்தது. அப்போது படியிறங்கி வந்த ஒரு பாட்டி வெயில் தாளாமல் மயங்கி விழுந்தார். நாங்கள் அனைவரும் ஓடிச் சென்று அவரைச் சுற்றிக் கூட்டமாக நின்றோம். ஒருத்தி அழுதாள். மற்றொருத்தி, நினைவிழந்திருந்த பாட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். சுற்றுலா வந்திருந்த ஒரு செவிலியர் அக்கா பாய்ந்து வந்து அவள் கையைத் தடுத்தார். மூச்சடைத்துவிடும் என்று எச்சரித்தார். எங்களை விலகச் சொல்லி, காற்று வரச் செய்து, பாட்டியை நிழலில் கிடத்திக் கால்களை உயர்த்தி வைத்தார். சிறிது நேரத்தில் பாட்டி கண் விழித்தார்.

அன்று மாலை எங்களில் எவரும் தலைவி பதவியைப் பற்றிப் பேசவில்லை. நல்ல மனம் எங்களிடம் இருந்தது, அறிவு இல்லை. திண்டிவனத்து இரவில் ஐடாவிடமும் நல்ல மனம் இருந்தது. ஆனால் அது மட்டும் அந்த மூன்று பெண்களைக் காப்பாற்றவில்லை. அழுதுவிட்டு மறந்துவிடாமல் கற்கப் புறப்பட்டாரே, அதுவே அவர் பெருமை.

அதன் பின் எங்கள் குழு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலுதவி கற்கிறது. கட்டுப் போடவும், மயங்கியவரைக் கிடத்தவும், 108 எண்ணை அழைத்துப் பதறாமல் இடம் சொல்லவும் பழகியிருக்கிறோம். தலைமைப் பொறுப்பும் மாதம் ஒருவராக மாறி வருகிறது. தாம் கற்றதை அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுப்பதே தலைவியின் முதல் வேலை.

அன்பான பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்களோடு எட்டாம் வகுப்பு வரை படித்த தோழியர் சிலர் இன்று எங்கள் வகுப்பில் இல்லை. படித்த பெண் ஒருத்தி இல்லாததால் ஓர் இரவில் மூன்று வீடுகளில் விளக்கு அணைந்தது. எங்களைப் படிக்க வையுங்கள். நாளை யார் வீட்டுக் கதவு எந்த நேரத்தில் தட்டப்படும் என்று யாருக்குத் தெரியும்? அப்போது எங்கள் கைகள் வெறுங்கைகளாக இருக்க வேண்டாம்.

தங்கைகளே! ராஜகிரி உச்சியை ஒரே தாவலில் எவரும் அடைவதில்லை, படிப்படியாகத்தான் ஏறுகிறோம். ஐடா அம்மையாரும் ஒரு கட்டிலில்தான் தொடங்கினார். நாமும் நம் சிறு பணியை நன்றாகக் கற்றுச் செய்வோம். அதற்கான மனத்திடனை இறைவன் நமக்கு அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி, சமூக சேவைக் குழுவின் சார்பில்