விரலெல்லாம் சாயம்

பவானி ஜமுக்காளத்துக்கு நூலைச் சாயத் தொட்டியில் முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டில் பளிச்சென்று பிடிக்கும் சில சாயங்கள் பருத்தியில் நிற்பதில்லை, அலசினால் போய்விடும். சாயப்பட்டறையில் எல்லாரும் அறிந்த சங்கதி இது. இதையே மனித உடம்பில் பரீட்சை செய்து பார்த்தார் ஒருவர். அவர்தான் டாக்டர் பால் எர்லிக்.

எர்லிக் 1854-ல் பிறந்தார். அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த அவருடைய ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுத் துணிச் சாயங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. வைத்திய மாணவர் எர்லிக் அந்தச் சாயங்களைச் சதைத் துணுக்குகளில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். விரலெல்லாம் நீலமும் சிவப்பும்தான்! பையன் சாயம் போடுவதில் கெட்டிக்காரன், பரீட்சையில் தேறமாட்டான் என்று கேலி செய்தார்களாம். 1878-ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்.

சாயம் ஏற்றாத சதையில் எது எந்த உயிரணு என்று பிரித்துச் சொல்வது கடினம். சாயம் பட்டதும் ஒரு வகை உயிரணு மட்டும் ஊதா நிற மணிகளோடு தனியாகத் தெரிந்தது. வயிறு புடைக்கத் தின்ற அணு என்று எண்ணி, 'மாஸ்ட்' அணு என்று பெயரிட்டார். அங்கேதான் எர்லிக் ஏமாந்தார். அவை தின்ற தீனி அல்ல. எதிரி வந்தால் வீசுவதற்கு வைத்திருக்கும் மருந்து மூட்டைகள்! ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் சாயத்தைக் கொண்டே வகை பிரித்தார்.

1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்கு இன்னும் நன்றாகச் சாயம் ஏற்றும் வழியை எர்லிக் கண்டார். சில வருஷங்களில் அவருக்கே இருமல் வந்தது. தம் சளியை எடுத்து, தாமே சாயம் போட்டார். கண்ணாடிக்கு அடியில் அதே கிருமிகள்! 1888-ல் வேலையை விட்டு, உடம்பு தேற எகிப்துக்குப் போனார். பிழைத்துத் திரும்பினார்.

உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராய்ந்ததற்காக 1908-ல் ரஷ்யரான மெச்னிகாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1915-ல் காலமானார்.

அவருடைய மாஸ்ட் அணுக்கள் பிறகு எங்கே அகப்பட்டன தெரியுமா? மாரடைப்பால் இறந்தவர்களின் இருதய ரத்தக் குழாய்களை பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சாயம் ஏற்றிச் சோதித்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்புப் படிந்த உட்சுவர் கிழிந்திருந்த இடத்தில் மாஸ்ட் அணுக்கள் கூட்டமாக நின்றன. பல அணுக்கள் தங்கள் மணிகளை ஏற்கனவே வெளியே கொட்டியிருந்தன. அந்தச் சரக்கு குழாயின் சுவரை அரித்துப் பலவீனமாக்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.